சந்தனம் பட்ட ஆக்டனால்

இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் ஏ.சி. போட்ட அறை ஒன்றுதான். அங்கே வெப்பம் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது. அதனால் கண்ணாடிக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே நான் ஒருவன். முன்னறையில் பேண்டேஜ் துணி எத்தனை நொடியில் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் பெண்கள் இருவர் பேசுவதும் சிரிப்பதும் கண்ணாடி வழியே தெரியும், சத்தம் வராது.

மில் ஆய்வகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்ற பிறகு இங்கே வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எட்டரை மணிக்குப் பேருந்து ஏறினால் ஒன்பதேகாலுக்குள் என் நாற்காலியில் இருப்பேன். மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனாள். அந்தக் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது; அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வீட்டில் என் சாவியைத் தவிர வேறு சாவி கதவைத் திறப்பதில்லை.

கல்லூரி நாட்களிலிருந்து நாள்குறிப்பு எழுதுகிறேன். பெரிதாக ஒன்றும் இருக்காது. மழை, பேருந்துத் தாமதம், நூலகத்தில் எடுத்த புத்தகம், யாரோடு என்ன பேசினேன் என்பது. கடந்த ஒரு வருடப் பக்கங்களைப் புரட்டினால் யாரோடு பேசினேன் என்பது மட்டும் குறைந்துகொண்டே வருவது தெரிகிறது. பல நாட்களில் அந்த இடத்தில் வரும் ஆள் ஒருவர்தான்: கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா. அவருடைய வேலை போனதற்கு நான் காரணம். அது நடந்த விதத்தை நாள் வாரியாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் என் வேலை. ஒரு வேதிப்பொருள் எண்ணெயில் எவ்வளவு தங்கும், தண்ணீரில் எவ்வளவு தங்கும் என்று அளப்பது. எண்ணெய் என்பது வழக்கத்துக்குச் சொல்வது. உண்மையில் அது ஆக்டனால் என்ற, எண்ணெய்போல வழவழப்பான ஆல்கஹால். தண்ணீரோடு கலக்காமல் மேலே மிதக்கும். ஆரஞ்சுத் தோலையும் பழைய மெழுகையும் சேர்த்து முகர்ந்தது போன்ற வாசனை. சட்டையில் ஏறினால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். உடம்பின் கொழுப்புக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்கிறார்கள். ஆக்டனாலில் அதிகம் தங்குகிற பொருள் மீனின் கொழுப்பிலும் நம் கொழுப்பிலும் போய்ச் சேரும். தண்ணீரில் தங்குவது தண்ணீரோடு போய்விடும். நூறு வருடங்களுக்கும் முன்னால் தலைப்பிரட்டைகளை மயக்கமருந்து கலந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தவர்கள், ஆலிவ் எண்ணெயில் எளிதாகக் கரையும் மருந்துதான் அவற்றைச் சீக்கிரம் மயக்குகிறது என்று கண்டார்களாம். ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்த ஆலிவ் எண்ணெய் இருந்த இடத்தில்தான் இப்போது ஆக்டனால் இருக்கிறது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஆக்டனாலையும் தண்ணீரையும் ஒரு நாள் முழுக்கச் சேர்த்துக் குலுக்கி, ஒன்றையொன்று போதுமட்டும் குடிக்கவிட்டு, பிரிந்த பிறகு தனித்தனிப் புட்டியில் எடுத்து வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கினால் சோதனைக் குழாய்க்குள்ளேயே அவை ஒன்றையொன்று குடித்து அளவு மாறிவிடும். பிறகு இரண்டையும் குழாயில் ஊற்றி, எடைபோட்ட பொருளைச் சேர்த்து, மூடி, ஐந்து நிமிடத்தில் நூறு முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கக் கூடாது, குலுக்கினால் மோர்போல வெளுத்துப் போய் அன்றைக்குப் பிரியாது. பிறகு அடுக்குகள் நன்றாகப் பிரிய சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் மெஷினில் சுற்றி, மேலடுக்கிலும் கீழடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்க வேண்டும். கீழே உள்ள தண்ணீரை எடுக்க பிப்பெட் எண்ணெயைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்போது முனையிலிருந்து மெல்லக் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இறக்கினால் எண்ணெய் உள்ளே ஏறாது. கடைசியில், எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்க்கும் யு.வி. மெஷினில் இரண்டிலும் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று படித்துக் கூட்டினால், போட்டது அத்தனையும் வர வேண்டும். நூறு போட்டால் தொண்ணூற்றெட்டு வரலாம், நூற்றொன்று வரலாம். அதற்கு மேல் வந்தால் எங்கோ பிசகு.

இதற்கு ஒரு நாளைக்கு ஒன்பது குழாய், அதுபோக உருளைகள், குப்பிகள். கழுவுவதிலேயே பாதி வேலை இருக்கிறது. சோப்பு ஒரு துளி தங்கினாலும் போச்சு. அந்த அக்கா சேத்தூரிலிருந்து பேருந்தில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். எல்லோரும் அக்கா என்பதால் நானும் அப்படியே அழைத்தேன்.

"எனக்கு மூத்தவுக நீங்க, என்னைய அக்காங்கீக. எங்க ஊர்ல கேட்டா எனக்கு எம்புட்டு வயசுன்னு நெனைப்பாக?" என்றார் சேர்ந்த புதிதில்.

"சரி, வேற என்ன சொல்லிக் கூப்பிட?"

"கூப்புடவே வேண்டாம். குழாய டிரேல வச்சாப் போதும், தானா வருவேன்."

ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தண்ணீர் திவலை திவலையாக நிற்காமல் கண்ணாடியில் ஒரே ஏடாக வழிகிறதா என்று பார்ப்பார். திவலை நின்றால் மறுபடி முதலிலிருந்து. யாரும் சொல்லித் தந்து நான் பார்க்கவில்லை. மதியம் ஏ.சி. அறைக்கு வெளியே இருக்கும் மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் பேருந்தில் கேட்ட சண்டைகளைச் சொல்வார். நான் சிரிப்பேன். என் நாள்குறிப்பில் அந்தச் சண்டைகள் பல இருக்கின்றன.

புரட்டாசியில் ஆயுத பூஜை ஒரு புதன்கிழமை வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் அன்று மில்லில் தறிக்கும் ஸ்பின்டிலுக்கும், கடையில் தராசுக்கும், வீட்டில் மிக்சிக்கும்கூடப் பொட்டு வைப்போம். கூடத்து முதலாளி முப்பது வயதுச் சொச்சம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் ஆங்கிலம். அவரே நின்று தராசு, அடுப்பு, துணி கிழிக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் சூடம் காட்டினார். சந்தனமும் குங்குமமும் வைப்பது அக்கா. முன்னறைப் பெண்கள் பொரியும் கடலையும் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் அறையில் சென்ட்ரிஃபியூஜுக்கும் யு.வி. மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு அவர் வெளியே போகத் திரும்பினார்.

"இந்தப் புட்டிக்கும் வைங்க" என்றேன்.

தண்ணீர் குடித்த ஆக்டனால் இருந்த பழுப்புப் புட்டி அது. கண்ணாடி மூடி போட்டது. நாள் முழுக்க நான் கையில் பிடிப்பது அதைத்தான். என் ஆயுதம் என்றால் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

அவர் தயங்கினார். "இதுல வைக்கலாமா அண்ணாச்சி? உள்ள மருந்து கிருந்து இருக்கும்ல?"

"வெளியேதானே. மூடி மேல வைங்க."

"சந்தனம் தண்ணியா இருக்கு. வழியும்."

"வழிஞ்சாத் துடைச்சுக்கிடுறேன். வைங்கக்கா."

வைத்தார். அவர் போன பிறகு செத்த நேரம் அந்தப் புட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ என் மேசைக்கு வந்துவிட்டுப் போனதுபோல இருந்தது. துடைக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி விடுமுறை. வெள்ளிக்கிழமை வேலை தொடங்கியது. வெளியூர் நிறுவனம் ஒன்று அனுப்பியிருந்த பொருள். பெயர் கிடையாது, எண் மட்டும் ஒட்டிய குப்பி. பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்குகிற ரகம் என்பது முதல் குழாயிலேயே தெரிந்தது. கூட்டிப் பார்த்தால் நூற்றாறு. சனிக்கிழமை மறுபடி செய்தேன். ஒரு குழாயில் நூற்றைந்து, இன்னொன்றில் நூற்றுப் பதினொன்று. போட்டதைவிட அதிகமாக எப்படி வரும்? மெஷினின் விளக்கு பழையது, அதுவாக இருக்கும் என்று குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். அவசரம் என்று முதலாளி இரண்டு முறை கேட்டிருந்தார்.

அந்தப் பொருளுக்கு என்ன விடை வர வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். எங்களைச் சோதிக்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரமே கடிதம் வந்தது: உங்கள் எண் தவறு, காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்த நடவடிக்கை என்னவென்று படிவத்தில் எழுதி அனுப்புங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, செவ்வாய்க்கிழமை, முதலாளி படிவத்தோடு என் அறைக்குள் வந்தார்.

"சார், காரணம்னு ஒண்ணு எழுதியாகணும். என்னவா இருக்கும்?"

"பார்க்கணும். ஏதோ கூடுதலாச் சேருது."

"எங்கேருந்து சேரும்? கண்ணாடியிலேர்ந்தா? கழுவுறதுலயா?"

நான் யோசித்தேன். உண்மையில் யோசிக்கக்கூட இல்லை. "கழுவுறதுல இருக்கலாம்" என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. மாலை நான்கு மணிக்கு அக்காவை முன்னறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி வழியே பார்த்தேன். அக்கா ஏதோ கேட்டார், முதலாளி தலையாட்டினார், அக்கா மறுபடி கேட்டார். பிறகு கழுவும் தொட்டிப் பக்கம் போய், கையுறைகளைக் கழற்றி உதறிக் கம்பியில் போட்டார். என் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"அண்ணாச்சி, நான் சரியாக் கழுவலைன்னு சொல்லுதாவ. நீங்க பாத்திருக்கீகள்ல? சொல்லுங்க."

"மெஷின்ல அப்படி வருதுக்கா" என்றேன்.

மெஷினில் அப்படி வந்தது உண்மை. "மெஷினு சொன்னாச் சரிதான்" என்று கதவைச் சாத்தினார். படிவத்தில் முதலாளி எழுதியதை எனக்கும் கையெழுத்துக்கு அனுப்பினார். காரணம்: கழுவும் பணியாளரின் கவனக்குறைவு. நடவடிக்கை: பணியாளர் நீக்கப்பட்டார். ஆய்வாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமையிலிருந்து நானே கழுவினேன். அவர் செய்ததுபோல ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, திவலை நிற்காத வரை கழுவினேன். வியாழன் மாலை கூட்டிப் பார்த்தால் நூற்றேழு.

வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் வரும்போதே மனதுக்குள் அந்தக் குழாய்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். இந்தச் சோதனையில் சில குழாய்களுக்கு ஆக்டனாலும் தண்ணீரும் சம அளவு. சிலவற்றுக்கு ஆக்டனால் இரண்டு பங்கு. அழுக்கு கண்ணாடியில் இருந்தால் எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே அளவு மிகை வர வேண்டும். போய்ச் சேர்ந்ததும் நோட்டைப் பிரித்தேன். ஆக்டனால் இரண்டு பங்கு ஊற்றியவற்றில் மிகையும் இரண்டு பங்காக இருந்தது. அப்படியென்றால் கண்ணாடி சுத்தம். ஆக்டனாலே கெட்டிருக்கிறது. இந்த எண்கள் செவ்வாய்க்கிழமையும் இதே நோட்டில்தான் இருந்தன. முதலாளி கேட்டபோது ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும்.

புட்டியிலிருந்து நீள உருளையில் கொஞ்சம் ஊற்றி ஜன்னலுக்கு எதிரே வைத்து மேலிருந்து பார்த்தேன். அடியில், வைக்கோல் ஊறிய தண்ணீர்போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவு மஞ்சள். மூடியைக் கழற்றினேன். அதன் கழுத்தில், புட்டிக்குள் செருகும் சொரசொரப்பான பகுதியில், காய்ந்த சந்தனம் கோடாக இறங்கியிருந்தது. கடையில் சந்தனம் என்று விற்பதில் பாதி மஞ்சளும் வாசனைப் பொருளும். அவற்றை ஆக்டனாலைப்போல இழுத்துக்கொள்வது வேறில்லை. ஒவ்வொரு நாளும் எடுப்பதற்கு முன் நான் புட்டியைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கியபோது உள்ளே இறங்கியிருக்கிறது. ஒப்பிடுவதற்கான வெறும் ஆக்டனாலை அன்றன்றைக்கு அதே புட்டியிலிருந்து எடுத்திருந்தால் மஞ்சள் இரண்டிலும் இருந்து கழிந்துபோயிருக்கும். விலை அதிகம் என்று பூஜைக்கு முன்பே தனிக் குப்பியில் எடுத்து வைத்து அதையே பயன்படுத்தினேன். அதுவும் என் சிக்கனம்.

மாலை வீட்டுக்கு வந்து நாள்குறிப்பை எடுத்தேன். பூஜை நடந்த புதன்கிழமையின் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: ஆயுத பூஜை. கூடத்தில் பொரி. என் புட்டிக்கும் வைக்கச் சொன்னேன், வழியும் என்றார், துடைத்துக்கொள்கிறேன் என்றேன்.

அந்தப் பக்கத்தை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

மறுநாள் மூடியை ஊறவைத்துத் தேய்த்தேன். பழைய ஆக்டனாலைக் கழிவுக் கேனில் ஊற்றிவிட்டுப் புதிதாகத் தயார் செய்தேன். திங்கட்கிழமை நூறு. எண்கள் சரியாகிவிட்டன என்று முதலாளியிடம் சொன்னேன். எப்படிச் சரியாயின என்று சொல்லவில்லை. அவர் தொட்டிப் பக்கம் கையைக் காட்டி, "பாத்தீங்களா சார்? அங்கதான் இருந்திருக்கு" என்றார். ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. இந்த வயதில் இன்னொரு இடம் கிடைக்காது. பகல் முழுக்க அந்த வீட்டில் என்ன செய்வேன். இவ்வளவையும் அவர் முகத்துக்கு நேராக நின்று நினைத்துவிட்டு, "ஆமா" என்றேன்.

தீபாவளி வந்தது, போனது. பெங்களூரிலிருந்து குழந்தையின் பட்டாசுப் படம் வந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மதியம் அந்த மேசையில் தனியாகச் சாப்பிட முடியாமல் ஏ.சி. அறைக்குள்ளேயே, சாப்பிடக் கூடாத இடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். நூலகத்திலிருந்து எடுத்த இரண்டு புத்தகங்களையும் படிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். நாள்குறிப்பில் 'பேசியது' என்ற இடத்தில் நடத்துனர், மருந்துக்கடைக்காரர் என்று வந்தது. ஒரு வாரம் முழுக்க எதுவுமே இல்லை. தினமும் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணினேன்; எத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் எண்ணினேன்.

ஒரு சனிக்கிழமை அந்த வெளியூர் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். முதலாளி அவரை என் அறைக்கு அழைத்து வந்தார். "காரணத்தக் கண்டுபிடிச்சது சார்தான். கழுவுறதுல இருக்குன்னு உடனே சொல்லிட்டார். ஆளை மாத்தினோம், நம்பர் வந்துருச்சு."

வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அனுபவம்னா அனுபவம்தான் சார்" என்றார்.

அவர் கார் கிளம்பியதும் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைக்கச் சொன்னது நான், அக்கா வழியும் என்று எச்சரித்தது, நோட்டில் எண்கள் இருந்தது, புட்டியை மாற்றியது. முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"இருபத்திரண்டு நாளா."

"சார்..." என்றவர் ஆங்கிலத்துக்கு மாறினார். அதைக் கேட்டுக்கொண்டேன். பிறகு தமிழுக்குத் திரும்பி, "அந்தம்மாவ வரச் சொல்லுங்க. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஃபார்ம் போயாச்சு, அவங்க ஏத்துக்கிட்டாங்க. அதை மட்டும் தொடாதீங்க. பூஜை போட்டு சாம்பிள் கெட்டுச்சுன்னு வெளியே தெரிஞ்சா நம்மள என்ன நினைப்பாங்க?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சேத்தூருக்குப் போனேன். தூறல். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த பேண்டேஜ் சுற்றும் கொட்டகையில் அவர் இருப்பதாகத் தெருவில் சொன்னார்கள். ஏழெட்டுப் பெண்கள் கை மெஷினைச் சுற்றித் துணியை உருளையாக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஓரத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"ஏட்டி, யாரு வந்திருக்காவ பாரு. உன்னைத் தேடித்தான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "சட்டையெல்லாம் இஸ்திரி. எல்.ஐ.சி.யா?"

"சும்மாயிரு. எங்க பழைய ஆபீசு சாரு."

"கழுவத் தெரியலன்னு அனுப்புனாவளே, அந்த ஆபீசா?"

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே வந்து கொட்டகையின் தகரத்துக்குக் கீழே நின்றார். நான் சொல்லத் தொடங்கினேன். சந்தனம் என்றதுமே அவர் கண்களை மூடித் திறந்தார். மீதியையும் சொல்லி முடித்தேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, வழியும்னு."

"சொன்னீங்க."

"நாலு நாள் தூங்கல அண்ணாச்சி. எந்தக் குழாய விட்டோம், எந்தக் குழாய விட்டோம்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன். பொறவு நான்தான் எங்கயோ விட்டிருப்பேன்னு நானே நம்பிட்டேன்." தகரத்திலிருந்து ஒழுகிய தண்ணீருக்கு ஒதுங்கி நின்றார். "எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?"

"தீபாவளிக்கு முந்தின வெள்ளி. நேத்தோட இருபத்திரண்டு நாள்."

"எண்ணி வச்சிருக்கீக" என்றார்.

நான் முதலாளி சொன்னதைச் சொன்னேன்; படிவத்தில் எழுதியிருப்பதையும் சொன்னேன். திங்கட்கிழமையே வரலாம், பழைய வேலை அப்படியே இருக்கிறது, இன்னும் யாரையும் போடவில்லை என்றேன். கடைசியில், சாப்பாட்டு மேசையில் யாரும் இல்லை என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"உங்களுக்குத் துணைக்கு நான் வரணுமாக்கும்" என்றார். கோபமாகக்கூட இல்லை. "வேண்டாம் அண்ணாச்சி. இங்க கை தப்புனா உருளை கோணலாப் போகும், என் கண்ணுக்கே தெரியும். அங்க நான் பண்ணுனது சரியா தப்பான்னு உங்க மெஷினுதான் சொல்லணும். மெஷினுகிட்ட நீங்கதான் கேக்கணும். பொறவு கேட்டுட்டுச் சொல்லாம இருப்பீக."

உள்ளே போகத் திரும்பியவர் மறுபடி என் பக்கம் பார்த்தார்.

"ஒண்ணு பண்ணுங்க. அந்தக் காயிதத்துல கவனமில்லாதவள்னு எழுதியிருக்குல்லா? அத மாத்துங்க. எம் பேரு இல்லைன்னாலும் அது நான்தானே."

உள்ளேயிருந்து "ஏட்டி, மழைக்குள்ள என்ன பேச்சு, வாராயா இல்லையா?" என்று குரல் வந்தது. "வாரேன்" என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை படிவங்களின் கோப்பை எடுத்தேன். ஆய்வுக்கூட நோட்டில் எதையும் அழிக்கவோ, வெள்ளை மை பூசவோ, கிறுக்கி மறைக்கவோ கூடாது. தவறான வரியின் மேல் ஒற்றைக் கோடு. கீழே என்ன இருந்தது என்று படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. அப்படியே செய்தேன். 'கழுவும் பணியாளரின் கவனக்குறைவு' என்பதன் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, 'ஆய்வாளரின் தவறு; ஆக்டனால் புட்டியில் வெளிப்பொருள் கலக்க அனுமதித்தது; தெரிந்த பின்னும் அறிவிக்கத் தாமதித்தது' என்று எழுதினேன். அதன் படியை வெளியூர் நிறுவனத்துக்கு என் பெயரிலேயே அனுப்பினேன். பிறகு முதலாளியின் மேசையில் கோப்பை விரித்து வைத்தேன்.

அவர் நின்றுகொண்டே படித்தார். "பங்குனிக்குப் பொறவு நீங்க வேற இடம் பாத்துக்கங்க சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து கூடத்துப் பதிவேட்டில் அக்கா கொடுத்திருந்த, அவர் மகளுடைய எண்ணுக்கு அனுப்பினேன். மதியம் வரை பார்க்கவில்லை. மூன்று மணிக்குமேல் பதில் வந்தது.

"அம்மாட்ட வாசிச்சுக் காட்டினேன். கோடு போட்ட வரி இன்னும் தெரியுதேன்னு கேக்காங்க."

அதுதான் முறை, அழிக்கக் கூடாது என்று எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது.

"சரி-ன்னு சொல்லச் சொன்னாங்க."

வேறு ஏதாவது வருமா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சென்ட்ரிஃபியூஜ் சுற்றி முடித்து மணியடித்தது. எழுந்து குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தாங்கியில் நிறுத்தினேன்.